பல்லில் தொங்கிய பை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் செம்பூரில் தங்கி, கோட்டைப் பகுதியில் குமாஸ்தாவாக இருந்தேன். பம்பாய்க்குப் புதுசு. பிக்பாக்கெட் பயத்தில், ரயிலில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சட்டைப்பையையும் பிடித்துக்கொள்வேன். பித்தளை டிபன் டப்பா வைத்த துணிப்பையின் காதைப் பல்லால் கவ்விக்கொள்வேன்.

ஜன்னலோரம் தினமும் உட்கார்ந்து வரும் மராத்திக்காரர் ஒருவர், "தைலா இதர் தோ, பாய்" என்று மடியைத் தட்டிப் பையைக் கேட்பார். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியாது. திருட்டுப் பயல் என்று முடிவுகட்டித் தலையை ஆட்டிவிடுவேன். சில வாரங்களில், வாயைத் திறந்தாலே தாடை 'டக்'கென்றது. நான் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் மாட்டுங்காவில் வண்டி குலுங்கி நின்றபோது பை விழுந்தது, தாடையும் கழன்றது. திறந்த வாய் மூடவில்லை.

அவர்தான் ஜன்னல் இடத்தை விட்டு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த தமிழ் டாக்டரிடம் என்னை அழைத்துப்போனார். நடந்ததைத் தானே பையைக் கவ்விக் காட்டி விளக்கினார். டாக்டர் கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டுத் தாடையை அழுத்தி ஏற்றினார்.

"ஓய், பல்லு என்ன சுவத்துல அடிச்ச ஆணியா, பையை மாட்டிக்கறதுக்கு?"

என் கை இன்னும் சட்டைப்பையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மராத்திக்காரரும் கவனித்தார். பையை என் மடியில் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

இப்போதெல்லாம் உட்கார இடம் கிடைத்தால், நிற்பவர்களிடம் பையைக் கேட்கிறேன். தர மறுப்பவர்கள்மேல் கோபம் வருவதில்லை. அவர்கள் தாடையைத்தான் பார்க்கிறேன்.