பாரோ மலையில் மச்சாள் ஏறிய தூரம்

வெஸ்ட்மீட்டில் மச்சாளின் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் படம்தான் கண்ணில் படும். பூட்டானில், பாரோ பள்ளத்தாக்குக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் புலிக்குகை மடம். மச்சாள் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யாதவர், மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. லீவு கிடைத்தால் இமயமலைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில், இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் நிற்கும் புனாக்காக் கோட்டையையும், லடாக்கில் குன்றின்மேல் அடுக்கடுக்காக எழும் திக்சே மடத்தையும் பற்றி அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் மெய்மறந்து கேட்பார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்ற நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

ஒருமுறை அவரே கூப்பிட்டார். "நீரும் வாருமன். ரெண்டு கிழமைதானே, தம்பி பிள்ளையளைப் பாப்பான்."

மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்று பொய் சொன்னேன். போக ஆசை இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் நடந்து, அவர் காட்டியதைப் பார்த்துவிட்டு வர மனம் இடம் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தபின், 2009இல், அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் ஒரு சுற்றுலாக் குழுவோடு பூட்டானுக்குப் போனேன். புலிக்குகைக்கு ஏறும் பாதையின் நடுவழியில் ஒரு தேநீர்க்கடை. மூச்சு வாங்க உட்கார்ந்து நிமிர்ந்தேன். மச்சாள் வீட்டுப் படம் அப்படியே எதிரே நின்றது. அதே கோணம், ஓரத்தில் அதே பைன் மரம். இத்தனை வருடங்களில் மடத்துக்கு உள்ளே எப்படியிருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. களைப்பு பறந்துவிட்டது. மீதி ஏற்றத்தையும் ஏறி, படிகளில் இறங்கி, அருவியைத் தாண்டி, மறுபடி ஏறி, உள்ளே போய்விட்டுத்தான் திரும்பினேன்.

அடுத்த விருந்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "மச்சாள், புலிக்குகைக்கு உள்ள என்னென்ன கண்டனீங்கள்?"

"நான் எங்க உள்ள போனனான்? முழங்கால் விடேல்லை. தேத்தண்ணிக் கடையிலயே இருந்திட்டன்," என்று சிரித்தார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நீர் போனனீரோ? எப்பிடியிருந்தது, சொல்லும்!"

அந்த முகத்தில் கள்ளமில்லை. நான் வாயைத் திறந்தேன். இருட்டு, நெய்விளக்கு வாசம், சரியான சனம். இரண்டு வசனத்தில் கதை முடிந்துவிட்டது. அவரை மடக்குகிற அவசரத்தில் நான் எதையும் நின்று பார்க்கவில்லை.

பிறகு மச்சாள் சொல்லத் தொடங்கினார். மூன்று மணித்தியாலம் அந்தக் கடையின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாராம். முகில் வந்து மடத்தை முழுதாக மூடிவிட்டதாம், வெறும் வெள்ளை. அப்போது முதுகில் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு வயதான பிக்கு கீழேயிருந்து ஏறி வந்தாராம். மச்சாளின் கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

மச்சாள் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

"பிறகு?" என்று முதலில் கேட்டது நான்தான்.