இருபதில் இழுத்த பெட்டி

ராஜஸ்தானின் கோட்டாவில் முகுட் பிகாரி நாகர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உராய்வு சார் என்றால்தான் தெரியும். எங்கள் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு பாடம். நான் வேதியியலில் உப்புகளைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அவருக்குப் பன்னிரண்டு வருடமாக உராய்வு மட்டும். "பொருள் நகருதா, நகரலையா? மொதல்ல அதக் கேளு, அப்புறம் பேனாவத் தொடு" என்று அவர் கத்துவது பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் எனக்கே மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவது இங்கே வழக்கம். அந்த வியாழக்கிழமை பாயல் குர்ஜர் என்ற மாணவி எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். மூன்றே மதிப்பெண் குறைந்து முதல் பிரிவிலிருந்து ஒன்பதாவதற்குப் போனவள். பின்னால் அவள் அப்பா, தகரப் பெட்டியோடு. பக்கத்து பாரான் மாவட்டத்தில் பூண்டு விவசாயம் அவருக்கு. பிரிவு இறங்கினால் படிப்பு போதும், ஊருக்கு வா என்று முன்பே சொல்லியிருந்தாராம்.

"போறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சார். பத்து கிலோ பெட்டி, உராய்வுக் குணகம் 0.5, இருபது நியூட்டன்ல இழுக்கறோம். உராய்வு இருபதுன்னு எழுதினேன். உங்க விடைக்குறிப்புல அம்பதுன்னு இருக்கு."

"அம்பதுதாம்மா" என்றார் சார், கச்சோரியை மென்றுகொண்டே.

"இருபதுல இழுத்தா அம்பதுல தடுக்குமா சார்? அப்ப பெட்டி பின்னாடில்ல போகும்?"

அப்பா குறுக்கே புகுந்தார். "முப்பது வருஷமா மூட்டை இழுக்கறேன் சார். ஒரு மூட்டையும் என்னத் திருப்பி இழுத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாரின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. கச்சோரி கையிலிருக்க, மனிதர் வெளிறிப் போயிருந்தார்.

"ஐயையோ... பெட்டி நகரவே இல்லையே!"

ஐம்பது, உராய்வின் உச்சம். நகராத பெட்டியை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் உராய்வும் தடுக்கும். குறிப்பு எழுதியது அவர் கைதான்.

"ஒரு பொண்ணுக்காகப் பிரிவுப் பட்டியலையே மாத்தணுமா?" என்று, சார் கையோடு கூட்டிவந்த மையத்தின் மேலாளர் முனகினார்.

"மாத்துங்க! தப்பு என்னோடதுன்னு பலகையில என் பேரப் போட்டே எழுதுங்க!"

மாற்றினார்கள். பாயல் முதல் பிரிவுக்கே திரும்பினாள்.

"திங்கக்கிழமையே குறிப்பு வந்துடுச்சேம்மா. இத்தன நாள் ஏன் கேக்கல?" என்றார் சார்.

"நீங்க சொன்னபடி நகருதான்னுதான் சார் மொதல்ல கேட்டேன். நீங்க தப்பாப் போடுவீங்கன்னு தோணவே இல்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு மூணு நாளா அழுதுட்டிருந்தேன்."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தார்.