கார்பன் நகலில் இருந்த சொல்

அப்போது அம்பத்தூரில் ஒரு கண்ணாடி பாட்டில் கம்பெனியில் நானும் சேகரும் தற்காலிக டைப்பிஸ்டுகள். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அது தெரிந்தும் மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சிநேகிதம்.

ஒருநாள் இஞ்சினியர் தந்த அறிக்கையில் எல், இ, ஹெச், ஆர் என்று ஒரு சொல் பத்து இடத்தில் இருந்தது. என் அகராதியில் அது இல்லை. லேயரா, லெதரா, லீவரா என்று குழம்பிப் போய்ச் சேகரைக் கேட்டேன்.

"லேயர்தான் மச்சான். அந்தாளு கையெழுத்து அப்டித்தான் கீது. கண்ண மூடிகினு அடி" என்றான். அடித்தேன்.

மேனேஜர் அறிக்கையை என் மேஜையில் வீசினார். "சூடான பாட்டில மெல்ல ஆறவைக்கிற சூளைய்யா அது! இதுகூடத் தெரியாதா?"

சேகர் நிரந்தரமானான். என் தவறுதானே என்று தேற்றிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, போன வருஷத்துக் கடிதம் ஒன்றின் கார்பன் நகல் கையில் கிடைத்தது. அதே சொல், பிசகில்லாமல். கீழே, அடித்தவர் போடும் இனிஷியல் சேகருடையது.

மதியம் எலுமிச்சை சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினான். "இன்னா மச்சான், துன்னலியா?"

நகலை அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். மெல்லுவதை நிறுத்தவில்லை.

இன்றும் எனக்கு எலுமிச்சை சாதம் தொண்டையில் இறங்குவதில்லை. அந்த நான்கு எழுத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.