துளசியின் மணியும் பக்கத்து அறைக்காரரும்

1994 மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற போன் காலமை பத்து மணிக்கு அடிக்கவேண்டும். அடிக்கவில்லை.

மகள் துளசி அப்போது ஜப்பானில், கியோத்தோ நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறையில் போன் இல்லை. ஞாயிறு தோறும் தெருமுனையில் இருக்கிற பொதுப் போனுக்குப் போய் அங்கேயிருந்து எங்களுக்கு எடுப்பாள். ஒரு கிழமையும் தவறியதில்லை. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு, என்னிடம் இருந்த ஒரே நம்பருக்கு, அவள் இருந்த கட்டிடத்தின் சொந்தக்காரருக்கு எடுத்தேன். நான் இங்கிலிஷில் கேட்க, அவர் ஜப்பான் பாஷையில் நெடுகச் சொன்னார். மகளின் பெயரைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அது நல்ல செய்தி சொல்கிற குரல் இல்லை என்று மட்டும் விளங்கியது.

போனை வைத்துவிட்டு சாமியறையில் போய் விழுந்தேன். என் வாய் எப்படிப்பட்டது என்று வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த வாயில் தேவாரம்கூட வரவில்லை. "பிள்ளையாரே, என்ரை பிள்ளையைத் தா" என்பதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். துளசியின் அப்பா வேலையால் வந்து என்னைத் தூக்கித்தான் எழுப்பினார்.

துளசி ஜப்பான் பாஷை படிக்கப்போகிறாள் என்றவுடன் எங்கள் ஆட்கள் கேட்காத கேள்வி இல்லை. "ஏன், டொக்டருக்குப் படிக்கக் கூடாதே? உந்தப் பாஷையைப் படிச்சு என்ன ரேடியோ விக்கவோ?" என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் வைத்தே ஒரு அக்கா கேட்டா. நான் விடவில்லை. "டொக்டர்மார் ஹரோவிலை றோட்டுக்கு றோட்டு இருக்கினம் அக்கா. ஜப்பான்காரனோடை அவன்ரை பாஷையிலை கதைக்கிற பிள்ளை ஒண்டுதான் இருக்கு. அது என்ரை பிள்ளை" என்றேன். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

ஆனால் விமான நிலையத்தில் அவள் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனபோது வீறாப்பெல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் பிள்ளையாரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். "தனியப் போயிட்டாள். சொந்தம் மாதிரி ஒரு ஆளை அவளுக்குப் பக்கத்திலை விடு."

ஞாயிறு போனில் அவள் சொல்கிற கதைகளைக் கேட்டு வயிறு நோகச் சிரிப்போம். கக்கூசுக்கு என்று தனியாக வைத்திருக்கிற செருப்போடு பேராசிரியர் வீட்டு விறாந்தை முழுக்க நடந்து திரிந்தாளாம். குப்பையைப் பிழையான நாளில் வைத்துவிட, பை அப்படியே அவள் கதவடிக்குத் திரும்பி வந்ததாம். மீன், இறைச்சி, ஒரு மச்சமும் வேண்டாம் என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு மேலே கருவாட்டுச் சீவலைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்களாம். "பசியோடை இருக்கிறியோ பிள்ளை?" என்று கேட்டால், "இல்லையம்மா, நானே சமைக்கிறன். பருப்புக்கறி மணத்துக்கு மாடியிலை இருக்கிற ஆக்களெல்லாம் எட்டிப் பாக்கினம்" என்பாள்.

ஒரு ஞாயிறு குரல் இறங்கியிருந்தது. காலமைப் பூசைக்கு என்று நான் கொடுத்துவிட்ட பித்தளை மணியால் வந்த வினை. அந்தக் கட்டிடத்துச் சுவர் மட்டைபோல மெல்லியது. பக்கத்து அறையில் மோரி என்றொருவர். இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிவிட்டு, காலமை வந்து படுக்கிறவர். அவர் கண்ணை மூடுகிற நேரத்தில் இவள் மணி அடித்திருக்கிறாள். அவர் கட்டிடச் சொந்தக்காரரிடம் முறைப்பாடு செய்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம்! மோரியில் இல்லை, பிள்ளையாரில். "உதவிக்கு ஆள் கேட்டா, முறைப்பாட்டுக்காரனையோ அனுப்பினனீ?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். மகளிடம், "விடு பிள்ளை, மணி இல்லாமலும் கும்பிடலாம்" என்றேன்.

அவள் விடவில்லை. இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு தானே மோரியின் கதவைத் தட்டி, குனிந்து வணங்கி, எந்த நேரம் அடித்தால் கரைச்சல் இல்லை என்று அவருடைய பாஷையிலேயே கேட்டிருக்கிறாள். மனுசன் அசந்துபோனாராம். ஆறு மணிக்கு வந்து சாப்பிடுகிறவராம். சாப்பிட்டு முடிந்து படுக்க முதல் அடி என்றாராம். "நேரத்தைத்தான் மாத்தினன் அம்மா. மணியை விடேல்லை" என்றாள். இருபது வயதுப் பிள்ளை. எனக்கு அந்தப் பக்குவம் இன்றைக்கும் இல்லை.

போன் வராத அந்த ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை காலமை போன் அடித்தது. நான் எடுத்த வேகத்தில் போன் மேசையே கவிழ்ந்தது.

"அம்மா." நூல்போல ஒரு குரல். "பயப்பிடாதேங்கோ. ஆஸ்பத்திரியிலை இருக்கிறன். ஒப்பரேசன் முடிஞ்சுது."

அப்பெண்டிக்ஸ். சனிக்கிழமை பின்னேரம் தொடங்கிய வயிற்றுவலியைச் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து, சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். விடியும்போது காய்ச்சல் கொதிக்கிறது, எழும்ப ஏலாது, கூப்பிடக் குரலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இல்லை. அவளைத் தேட ஒருவரும் இல்லை.

"அப்ப ஆரடி உன்னைக் கண்டது?"

"மோரி ஐயாதான். சாப்பிட்டிட்டுப் படுத்தவராம். மணி கேக்கேல்லை எண்டு அவருக்கு நித்திரை வரேல்லையாம் அம்மா. புரண்டு புரண்டு படுத்துப் பாத்திட்டு, எழும்பி வந்து என்ரை கதவைத் தட்டினவர்."

பதில் இல்லாததால் கட்டிடச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து, தன் டாக்ஸியிலேயே கொண்டுபோயிருக்கிறார். உள்ளே வெடித்துவிட்டிருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காப்பாற்ற ஏலாமல் போயிருக்கும் என்றார்களாம் டொக்டர்மார்.

நான் அழுதேன், சிரித்தேன், படிக்கட்டில் இருந்தபடியே கும்பிட்டேன். கேட்ட ஆளைப் பிள்ளையார் எப்போதோ கொடுத்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம், என் பிள்ளையின் மணிக்குக் காது கொடுக்கப் பழக்கி வைத்திருந்தார். நானோ அந்த மனிதரை அனுப்பியதற்காகவே பிள்ளையாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

துளசி சுகமாகி, படிப்பை முடித்துத் திரும்பி வந்தாள். இன்றைக்கு லண்டனில் ஜப்பான் வங்கி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக வேலை. ஓம், பெருமையாகத்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் பிள்ளையாருக்கு அளவெடுத்துக் கொடுத்து வேண்டுவேன், இப்படி வேண்டும், அப்படி வேண்டும் என்று. இப்போது கேட்பதோடு சரி. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். மனம்விட்டுக் கேளுங்கோ. வருகிற ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாலும் கதவைச் சாத்தாதேங்கோ.

போன கோடையில் மோரி அண்ணையும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். அவரும் தலையை ஆட்டுகிறார். அவரைப் பார்க்கத் தமிழ் வகுப்பு அக்கா உட்பட ஹரோவில் பாதிப்பேரைக் கூப்பிட்டேன். ஞாயிறு காலமைப் பூசை. அண்ணையை நல்ல கதிரையில் இருத்தினோம். துளசி அதே பித்தளை மணியை எடுத்து அடித்தாள்.

திருநீறு கொடுக்கத் திரும்பிப் பார்த்தால், அத்தனை சனத்துக்கு நடுவில் அண்ணை நல்ல நித்திரை.

அவர் மனைவி வெட்கப்பட்டு எழுப்பப் போனா. நான் விடவில்லை. போர்வையை எடுத்துவந்து போர்த்திவிட்டேன்.