வளையலில் கிளிப் கடித்த இடம்

மாட்டுங்காவில் நான் வழக்கமாகப் போகும் நகைக்கடையில் இப்போது முதலாளியின் பேரன் உட்காருகிறான். போன வாரம் எப்போதும் என் கையில் கிடந்த பழைய வளையலைக் கழற்றி அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை உருக்கி என் மகளின் பெண்ணுக்கு மெல்லிசாக ஒரு சங்கிலி செய்ய வேண்டும். அவன் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

"ஆன்ட்டி, இங்க கடிச்ச மாதிரி நிஷான் இருக்கே. கிஸ்னே காட்டா?"

யார் கடித்தது என்கிறான். "முதலை," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஆன்ட்டிகள் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. ஒயரின் முனையில் பல் வைத்த ஒரு சின்னக் கிளிப் இருக்கும். வாயைத் திறந்து எதையும் கவ்விக்கொள்ளும். எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் அதை க்ரோக்கடைல் என்றுதான் சொல்வோம். எண்பதுகளில் ஒரு டிசம்பர் காலை, மாஹிமில் ஒரு வீடியோ ஸ்டுடியோவின் ஏசி அறையில், அது என் வளையலைக் கடித்தது.

அந்த அறையின் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. சூடான தூசி, ரெக்ஸின் நாற்காலி, ஒயரை ஈயத்தால் பற்றவைக்கும்போது எழும் ரோசின் புகை, மூன்றும் கலந்த ஒரு வாசனை. வெளியே மாஹிம் கழிமுகத்தின் நாற்றம் தெரு முழுக்க நிற்கும். இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் அது அப்படியே அறுந்துபோகும். உள்ளே குளிர். டிப்ளமோ முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கதவுதான். மாட்டுங்காவில் எங்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையலறை. மூடிக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு அங்கே இருந்ததில்லை.

அந்த வீட்டில் கூரையை ஒட்டிக் கட்டிய கொடியில்தான் எல்லோருடைய துணியும் காயும். அதனால் நைலான் புடவையின் அருமை எங்கள் அளவுக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. ஜூலை மழையிலும் மாலையில் அலசிப் போட்டால் காலையில் உடுத்திக்கொண்டு கிளம்பலாம். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம். என்னிடம் மஞ்சள் பூப் போட்ட ஒன்று இருந்தது. அதை உடுத்திய நாளில் நடையே கொஞ்சம் மாறிவிடும். நான் மட்டுமா? எங்கள் தலைமை இன்ஜினீயர் சேஷாத்ரி சார் டெரிகாட் சஃபாரி சூட்டில் வருவார். டேப் ஓட்டும் காதர், தாராவிக்காரர், கழுத்துப் பட்டை அகலமான டெரிலின் சட்டை. அந்தப் பத்தாண்டில் பம்பாயில் பாதிப் பேர் பிளாஸ்டிக்கைத்தான் உடுத்திக்கொண்டு திரிந்தோம்.

எங்கள் ஸ்டுடியோ அரசுத் தொலைக்காட்சிக்கு ஒரு வாரத் தொடர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. டேப்பில் பதிவான படம் எப்போதும் லேசாக நடுங்கும். கதவு, விளக்குக் கம்பம் போன்ற நேரான பொருள்கள் எல்லாம் உச்சியில் வளைந்து சாயும். அந்த நடுக்கத்தை எடுக்க ஒரு பெட்டி உண்டு. வரும் படத்தை முதலில் எண்களாக மாற்றி, ஒரு கணம் வைத்திருந்து, சீரான வேகத்தில் வெளியே விடும். எண்களாக மாற்றுவது அதன் முதல் மாட்யூலின், அதாவது உள்ளே செருகும் ஒரு கார்டின், வேலை. சரிவாக இறங்கும் பாதையைப் படிக்கட்டாகக் கட்டுவது போன்றது அது. படி போதுமான அளவு சின்னதாக இருந்தால் கண்ணுக்குச் சரிவாகவே தெரியும். எங்கள் மாட்யூல் பழுதாகி, படிகளில் சில காணாமல் போயின. கதாநாயகியின் கன்னத்தில் தேசப்படம் மாதிரித் திட்டுத் திட்டாக விழுந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் டேப்பைத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டுடியோ முதலாளியான சேட் வெளிநாட்டிலிருந்து புது மாட்யூல் ஒன்றை வரவழைத்தார். ஒன்றே ஒன்று.

மாட்யூல் வருவதற்கு முன்பே அதன் கையேடு வந்து சேர்ந்தது. சேஷாத்ரி சார் அதை என் மேஜையருகே நின்று வாசித்தார்.

"இத பாரு. சிந்தெடிக் துணி உடுத்திண்டவா கார்டைத் தொடப்படாதுன்னு போட்டிருக்கான். ஸ்டாட்டிக்னால போயிடுமாம்."

வாசித்துவிட்டு என் மஞ்சள் பூவைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பாவை அவருக்குத் தெரியும். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "டேப் லைப்ரரில ஆள் வேணும். அங்க ஃபேன் இருக்கு, உக்காந்து செய்யற வேலை. உனக்கு அதான் சௌகரியம்," என்றார். லைப்ரரி அலமாரியின் சாவியை என் மேஜையில் வைத்தார். மாட்யூல் பொருத்தி முடிந்ததும் நான் அங்கே போக வேண்டும் என்று பேச்சு.

லைப்ரரி என்றால் டேப்பின் முதுகில் எண் ஒட்டுவது. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கத்தான் வருவார்கள். வீட்டில் அம்மாவுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நான் அதிகம் பேசும் பெண் இல்லை. சாவியை அதே இடத்தில், தொடாமல், வைத்திருந்தேன்.

மாட்யூல் வந்த அன்று அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை உடுத்திக்கொண்டு போனேன். கத்தரிப்பூ நிறம், கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்றது. என்னைத் தொட விடுவார்கள் என்ற நம்பிக்கை எல்லாம் இல்லை. துணியைக் காரணம் சொல்லி மட்டும் என்னை அனுப்பக் கூடாது என்று ஒரு வீம்பு, அவ்வளவுதான்.

காதர் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்கு வீட்ல விசேசமா? சேலையெல்லாம் புதுசா இருக்கு?" என்றார்.

"இது எங்கம்மாவோடது. என் வயசு இதுக்கு," என்றேன்.

மாட்யூல் ஒரு கறுப்பு உறைக்குள் இருந்தது. சேஷாத்ரி சார் அதை மடியில் வைத்துக்கொண்டு ரெக்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து கையேட்டை இன்னொரு முறை புரட்டினார். பிறகு உறையைக் கையில் பிடித்தபடி எழுந்து, இன்னொரு கையைப் பெட்டி இருந்த இரும்பு ரேக்கை நோக்கி நீட்டினார். விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் 'சட்' என்று ஒரு சின்னப் பொறி.

இதில் புதிதாக எதுவும் இல்லை. எழும்போதெல்லாம் அவருக்கு அந்த ரேக் ஷாக் அடிக்கும். "எர்த் சரியில்லே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு," என்பார். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவான். வருஷக்கணக்காக இது நடந்துகொண்டிருந்தது. வெளியே பம்பாயின் ஈரக் காற்றில் தெரியாது. ஏசி அறையில் காற்று உலர்ந்து கிடக்கும். அதில் சஃபாரி சூட் ரெக்ஸினோடு உரசினால் மின்சாரம் உடம்பில் ஏறாமல் எங்கே போகும்? நமக்கு அது ஒரு சுருக். கார்டில் உள்ள சில்லுக்கோ சாவு.

"காதர், அந்த எலெக்ட்ரீஷியனை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த உறையைப் பார்த்தார். தன் சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காதர் தன் டெரிலின் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே சுவரோரம் போய் நின்றுகொண்டார். அறையில் நூல் துணி உடுத்தியிருந்தது நான் ஒருத்திதான்.

சேஷாத்ரி சார் உறையை மெல்ல மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து கதவுவரை போனார். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போட்டவர் நகர்வது மாதிரி இருந்தது.

"நீ பண்ணு. நான் இங்கேர்ந்து வாசிக்கறேன்," என்றார்.

அவர் வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரை எனக்குப் பிடிக்கும்.

முதல் குறிப்பே தடுக்கியது. உடம்பில் ஏறும் மின்சாரம் இறங்க, கையில் எர்த் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. தனியாக வாங்க வேண்டிய பொருள். சேட் வேண்டாம் என்று விட்டிருந்தார்.

"எங்க மாமா பட்டறையில சொன்னா ஒரு பட்டை அடிச்சிக் குடுத்துருவாவ," என்றார் காதர். தாராவியில் அவர் மாமாவுக்குத் தோல் பட்டறை.

"தோல்ல கரன்ட் போகாதே, காதர் பாய்."

"அப்ப தாமிரக் கம்பியச் சுத்துதியளா? கையி அறுத்துறாது?"

நான் என் கை வளையலைப் பார்த்தேன். அம்மா என் கல்யாணத்துக்கென்று சேர்க்க ஆரம்பித்த முதல் நகை அது. அளவு பார்க்காமல் வாங்கியதால் மணிக்கட்டில் இறுகிக் கிடக்கும்; சோப்புப் போட்டால்தான் கழலும். தங்கத்தைவிட நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் எது? ஒயரின் ஒரு முனையை ரேக்கில் கட்டி, மறுமுனைக் கிளிப்பை வளையலில் மாட்டினேன். தங்கம் மிருது, பல் நன்றாகவே இறங்கியது.

"நடுவுல ரெசிஸ்டர் போட்டியோ?" என்றார் சேஷாத்ரி சார் கதவிலிருந்து. எங்காவது மின்சாரம் கசிந்தால் அது என் வழியாகப் பாயாமல் தடுப்பதற்கு அது.

"ஒரு மெக் ஓம் போட்டிருக்கேன் சார்."

கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி நின்றுகொண்டு வேலை செய்தேன். உறையைப் பிரித்ததும் உள்ளிருந்து ஒரு புது வாசனை வந்தது, குளிர்ந்த பிளாஸ்டிக்கும் ஏதோ தைலமும் கலந்ததுபோல. கார்டின் விளிம்பில் வரிசையாகத் தங்க முலாம் பூசிய பட்டைகள். அவர் வாசிக்க வாசிக்க, பழையதை உருவி, புதியதைப் பெட்டிக்குள் உள்ள தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினேன். கடைசியில் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. பவர் போட்டேன்.

மானிட்டர் கறுப்பாக இருந்தது.

அந்த நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. என் மேஜையில் அந்தச் சாவி தெரிந்தது. அங்கே ஃபேன் இருக்கிறது என்ற நினைப்புகூட வந்தது. கதவோரம் சேஷாத்ரி சார் கையேட்டை மூடிவிட்டார்.

"யா அல்லா, நில்லுங்க," என்றார் காதர். "டேப் கேபிள நான்லா கழத்தி வச்சேன். உங்க முழங்கைக்கு இடிக்கும்னு."

சுவரை விட்டு நகராமலே கையை எட்டி அதைச் செருகினார். மானிட்டரில் படம் வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட அந்தத் தொடரின் காட்சிதான்: கதாநாயகி ஒரு கதவருகே நின்று யாருக்காகவோ காத்திருக்கிறாள். கன்னம் கன்னமாகவே இருந்தது. கதவு நேராக நின்றது. அந்தக் கதவை மாதக்கணக்காகச் சாய்ந்தே பார்த்திருந்ததால் எனக்கு அது வேறு வீடுபோலத் தெரிந்தது. பிறகு கலர் பார் என்னும் சோதனைப் படத்தை ஓட்டி, வெள்ளை எங்கே முடிய வேண்டும், கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று திருகித் திருகி நிறுத்தினேன். எண்களுக்கு இரக்கம் கிடையாது. எல்லை தாண்டிய வெள்ளை வெட்டுப்பட்டுப் போகும். மாலை டேப் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போயிற்று. திரும்பி வரவில்லை.

சேஷாத்ரி சார் கிளம்பும்போது என் மேஜையில் இருந்த சாவியை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுக்கொண்டார். நான் டாய்லெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். மறு வாரம் அவர் கசங்கிய பருத்திச் சட்டையில் வந்தார். ஓய்வு பெறும்வரை பருத்திதான். எலெக்ட்ரீஷியனுக்கு டீ குடிக்கும் வாய்ப்புதான் போய்விட்டது.

வீட்டில் அம்மா வளையலைப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சாப்ல இருக்கேடி. பொண் பாக்க வரவா பாத்தா என்ன சொல்லுவா?" என்றாள். வந்தவர்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

ஜெயித்ததற்கு நான் கொடுத்த விலை நைலான் புடவைகள். அதற்கப்புறம் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க நூல் புடவை, கஞ்சி, இஸ்திரி. மஞ்சள் பூவை நினைத்து எத்தனையோ மழைக்காலம் பெருமூச்சு விட்டிருக்கிறேன். இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எந்தக் கார்டைத் தொடும் முன்பும் வளையல் போட்ட மணிக்கட்டால் ரேக்கில் ஒரு தட்டு. 'ணங்' என்று கேட்கும். எடிட்டிங் அறையில் படம் கெட்டுப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும், "மெயின்டனன்ஸ் ஆ கயீ," வந்துவிட்டாள் என்று நிமிர்வார்கள். வீட்டிலும் ஃபிரிட்ஜைத் தட்டிவிட்டுத்தான் திறப்பேன். என் மகள் சின்ன வயதில், ஃபிரிட்ஜிடம் உத்தரவு கேட்டால்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம். அந்தப் பெட்டி செய்த வேலையைக் கைபேசிக்குள் நகத்தளவு சில்லு செய்துவிடுகிறது. டேப் இல்லை, டேப்பின் நடுக்கம் இல்லை. எந்தக் கதவும் சாய்வதில்லை. சேஷாத்ரி சார் இல்லை. காதர் பாய் ஊர்ப்பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

"உருக்கிடலாமா ஆன்ட்டி?" என்றான் கடைப்பையன்.

"உருக்கு," என்றேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சங்கிலிக்கு மாதிரி பார்த்துச் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

குர்லாவில் மாறி செம்பூர் வண்டியில் ஏறினேன். உட்கார இடமில்லை. கதவருகே நடுக் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். பழக்கம் போல மணிக்கட்டு முந்திக்கொண்டு போய்க் கம்பியில் இடித்தது. சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; அவர்கள் பார்க்க என்ன இருக்கிறது. வலித்த இடத்தைத் தடவிவிட்டு, வெறும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.