கரும்பலகையில் எழுதிய நான்கு சொற்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. அந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு, ஒரே பொருள் தரும் சொற்கள் கேட்பவர் மனதில் எப்படி வேறு வேறாக விழுகின்றன என்று சொல்லித்தந்துகொண்டிருந்தேன்.

முதல் நாள் சிரித்தான், புன்னகைத்தான், இளித்தான் என்று எழுதினேன். ஒரு பையன் மூன்று விதமாகவும் சிரித்துக் காட்டினான். வகுப்பே கலகலத்தது. அந்தத் தெம்பில் மறுநாள் அதிகம் யோசிக்காமல் வேறு நான்கு சொற்களை எழுதினேன். போனாள், புறப்பட்டாள், பிரிந்தாள், ஓடிவிட்டாள்.

"நாலுலயும் ஒருத்தி ஒரு இடத்த விட்டுப் போறா. எதைக் கேட்டா கஷ்டமா இருக்கு?" என்றேன்.

பின் பெஞ்சில் ஒரு பெண், "ஓடிவிட்டாள்தான் மிஸ். அசிங்கமா இருக்கு," என்றாள்.

"அதை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லு."

அவள் மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒருத்தியைப் பார்த்தாள். "இவங்க அம்மா ஓடிப்பூட்டாங்க மிஸ்."

கேலியாகச் சொல்லவில்லை. தெருவில் கேட்டதை அப்படியே சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது.

மூன்றாம் பெஞ்ச் பெண் நன்றாகக் கட்டுரை எழுதுவாள். முந்தைய வாரம் நான்கு நாள் வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தாள். முகம் வாடியிருந்ததைப் பார்த்தும் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போது, நான் சொல்லாமலே அவள் எழுந்து நின்றாள்.

"ஓடல மிஸ். போயிருக்காங்க."

என் நான்கு சொற்களில் அது இல்லை. போய்விட்டார் என்றால் முடிந்துபோன காரியம். போயிருக்கிறார் என்றால் திரும்பி வருவார். இத்தனை வருடமாக இதை இலக்கணமாக நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் கரும்பலகையை அழித்துவிட்டேன். அப்படி அழித்தது தப்போ என்று இன்றும் உறுத்துகிறது. அவள் அம்மாவைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொன்னதுபோல ஆகிவிட்டது.

மதியம் அவளைக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்க முடிந்தது.

"அப்பா கட்டிக் குடுத்தாரு மிஸ். தயிர் சோறு."

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் அவளுடைய அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. முழங்கை வரை பொரிப்பொரியாகத் தீத்தழும்பு.

"எங்க அக்கா ஊடு பள்ளிப்பட்டுல கீது டீச்சர். அங்க படிக்கட்டும். நான் ஷிப்ட்டுக்குப் போய்க்கினு பொண்ண எப்டி பாத்துக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா பேரு வர்ற எடத்துல, இல்லன்னு போட்ருங்களேன்," என்றார்.

அந்தப் பெண் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியெல்லாம் மாத்த முடியாதுங்க," என்றேன். விதி என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே போனாள்.

அடுத்த வருடம் பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது ஒரு பெண் என்னிடம் வந்தாள். மகளைச் சேர்க்க வந்த நாளில் பார்த்த முகம். அப்போதைவிட இளைத்திருந்தாள்.

"என் பொண்ணு இன்னும் உங்ககிட்டதான் படிக்குதா டீச்சர்?"

பள்ளிப்பட்டுக்குப் போனதைச் சொன்னேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "அதுக்கு நேர் வகிடு எடுக்கத் தெரியாது. யாரு தலை பின்னி வுடறாங்களோ," என்றாள். பிறகு, "என்னைப் பத்தி நம்ம தெருவுல இன்னா சொல்லிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

வகுப்பில் கேட்ட அந்தச் சொல்லை அவளிடம் சொல்ல நான் விரும்பவில்லை. அதற்குப் பதில், "அவ உங்களைத் தேடறா," என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அடி பொறுக்க முடியல டீச்சர். எங்க போறதுன்னே தெரியாம கெளம்பிட்டேன். கையோட கூட்டிக்கினு வந்திருக்கணும்."

இவளை அடித்ததும் மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததும் ஒரே கைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதரை எந்த இடத்தில் வைப்பதென்று தெரியவில்லை.

சான்றிதழ் வாங்கிய அன்று அப்பா சொல்லியிருந்த பள்ளியின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான்காய் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, வந்த ரயிலில் ஏறிக்கொண்டாள்.

அவள் பள்ளிப்பட்டுக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.