ராசம்மா அக்காவும் ரேஸில் விழுந்த பெண்ணும்

ராசம்மா அக்கா போய்விட்டார்.

காலையில் பூண்டியில் இருந்து அவர் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே...

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. எண்பதுகளில் கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். மூத்த மகள் லெட்சுமிக்கு மட்டும் இந்தியா வருவதற்கான பேப்பர் வரவில்லை. அடுத்த கப்பலில் வந்துவிடுவாள் என்று விட்டுவிட்டு வந்தார்கள்.

அப்புறம் அங்கே கலவரம். தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயங்களைக் கொளுத்தினார்கள் என்று கேள்விப்பட்டோம். லெட்சுமியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மத்தியானம் கெஸ்ட் எல்லாம் லேக்குக்குப் போனதும் லவுஞ்சில் டிவியைப் போட்டுக்கொண்டு பெட்ஷீட் மடிப்போம். ஆளுக்கு ஒரு முனை.

சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று விட்டுப்போன வீடியோ கேசட் இருந்தது. ஜப்பான் கார்ட்டூன். இப்போது என் பேரன் அனிமே, மோட்டிவேஷன், லைஃப் லெசன் என்று உயிரை எடுக்கிறானே, அதேதான்.

ஒரு சின்னப் பெண் ரேஸ் ஓடுவாள். விழுவாள். முட்டியெல்லாம் ரத்தத்தோடு எழுந்து மறுபடி ஓடுவாள். பாஷை ஒரு வார்த்தையும் புரியாது.

அவள் விழுந்ததும் அக்கா ஷீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். "எந்திரி புள்ள... எந்திரி..."

எனக்கு எரிச்சலாக வரும். "வெரசா மடிங்கக்கா, சூப்பர்வைசர் வந்துருவாரு!"

"சும்மா இரு புள்ள. இவ எந்திரிச்சா எங்க லெச்சுமியும் எந்திரிச்சு வந்துருவா."

நானும் என் முனையைப் பிடித்தபடி டிவியைப் பார்ப்பேன்.

அந்த வருஷ மழையில் கேசட்டுக்குப் பூசணம் பிடித்துவிட்டது. அந்தப் பெண் விழுவாள், உடனே திரை முழுக்கக் கோடு. அவள் எழும் இடம் மட்டும் வரவே இல்லை.

கொடைக்கானல் மழையில் எதுவும் காயாது. சாக்ஸ், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கரி அடுப்புப் பக்கத்தில் வைத்துத்தான் காய வைப்போம். அக்கா கேசட்டையும் அங்கே வைத்தார்.

"ஈரந்தான... காஞ்சா சரியாப் போயிரும்."

எங்கள் யாருக்குமே அது தப்பென்று தோன்றவில்லை. எடுத்துப் பார்த்தால் உருகி வளைந்து கிடந்தது.

அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "விழுந்த புள்ளைய அப்பிடியே கெடக்க விட்டுட்டேனே..."

மறுநாள் வெள்ளனே வேலைக்கு வந்துவிட்டார். ஷீட்டின் முனையை என்னிடம் நீட்டி, "இழு புள்ள" என்றார். கேசட்டைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

லெட்சுமி வரவே இல்லை.

இன்று போனில் அவர் மகன் சொன்னான். "நேத்து சாயங்காலம் 'அவ எந்திரிச்சுட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு அத்தை. யாரைக் கேக்குதுன்னே தெரியல."

எனக்குத் தெரியும்.

போதும் அக்கா... இனி நீங்க எந்திரிக்க வேண்டாம். படுத்துக்கோங்க.